அல்லாபிச்சையின் ரெண்டே ரெண்டு விசயம்

ரோட்டுக்கு முதுகைக் காட்டியபடி தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்த அல்லாபிச்சை, திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார்: "பசுவந்தனை வந்துட்டு. ஏழு நிமிசம் லேட்டு."

தார்ப்பாய் வாங்க வந்தவர் எட்டிப் பார்த்தார். பசுவந்தனை பஸ்தான். அவருக்கு ஆச்சரியம். அல்லாபிச்சைக்கு அதில் ஒன்றுமில்லை. கோவில்பட்டி மெயின் ரோட்டில், பஸ் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே இருபத்தாறு வருசமாகக் கடை வைத்திருக்கிறவருக்கு பஸ்ஸைப் பார்க்கக் கண் எதற்கு? பசுவந்தனை பஸ் பிரேக் போட்டால் நீளமாக ஒரு முனகல் வரும். நாகலாபுரம் பஸ் தும்மிவிட்டு நிற்கும். விளாத்திகுளம் பஸ்ஸுக்குப் பின்படி தகரம் லூசு. நின்ற பிறகும் இரண்டு தட்டு தட்டும்.

வயது ஐம்பத்தொன்பது. குள்ளமான, உருண்டையான உடம்பு. சட்டையின் மேல் பொத்தானையும் விடாமல் போட்டிருப்பார். யார் தார்ப்பாய் கேட்டு வந்தாலும் விலையைச் சொல்லமாட்டார். முதலில் "என்னத்துக்கு?" என்பார். மிளகாய் வத்தல் காயப்போடவா, லாரிக்கு மூடவா, சடங்கு வீட்டுக்குப் பந்தலா என்று தெரிந்தாக வேண்டும். வத்தலுக்கு என்றால் நீலத் தார்ப்பாயைக் கண்ணிலேயே காட்டமாட்டார். "நீலத்துல கெடந்தா வத்தல் நெறம் செத்துத் தெரியும். யாவாரி அதைச் சொல்லியே வெலையக் கொறப்பான். மஞ்சள விரிச்சுப் பாரும், நெருப்பு மாதிரி நிக்கும்" என்பார். கரிசல்காட்டில் மிளகாய் போடுகிற சம்சாரிகள் அவரைத் தேடி வருவதற்கு அந்த மஞ்சள் ஒரு காரணம்.

இன்னொரு காரணம், அவருடைய பேச்சு. ஊரில் எந்த ரோட்டை எப்படிப் போட்டிருக்க வேண்டும், எந்த முக்கில் பஸ் திரும்பியிருக்க வேண்டும், எந்தச் சாக்கடைக்கு எந்தப் பக்கம் வாட்டம் என்பதில் எல்லாம் அவருக்கு அபிப்பிராயம் உண்டு. வியாபாரிகள் கூட்டமோ, ஜமாத் கூட்டமோ, மகள் தஸ்லிமா படித்த பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டமோ, எழுந்துவிடுவார். தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு, "ரெண்டே ரெண்டு விசயம்" என்று ஆரம்பிப்பார். அது ஒருநாளும் இரண்டோடு நின்றதில்லை.

"நிக்காஹ் அன்னிக்கே எங்க வாப்பாகிட்ட ரெண்டே ரெண்டு விசயம்னு ஆரம்பிச்சாவ. பிரியாணி ஆறிப் போச்சு" என்பார் அவர் மனைவி பாத்திமுத்து.

இப்படி பஸ்ஸைப் பற்றி மூச்சுவிடாமல் பேசுகிற மனிதர் பஸ்ஸில் ஏறிப் பதினோரு வருசம் ஆகியிருந்தது. பைபாஸ் பாலத்துக்கு அந்தப்புறம், புதுக் காலனியில் வீடு கட்டிப் போனபோது ஒரு மொபெட் வாங்கினார். காலையில் கடை, மதியம் வீட்டில் சோறு, மூன்றரைக்குத் திரும்பக் கடை, எல்லாம் அந்த மொபெட்டில்தான். பஸ்கள் அவருக்குச் சத்தமாக மட்டுமே தெரியும்.

போன மாசி மாதம் மெயின் ரோட்டை அழகுபடுத்தப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. அல்லாபிச்சையின் கடைக்கு எதிரே கண்ணாடி வைத்த பஸ் நிழற்குடை, உட்காரக் கல்பெஞ்சு, பூப்போட்ட விளக்குக்கம்பம், முக்கில் ஒரு செயற்கை நீரூற்று. படம் போட்ட தாள் ஒன்று கடைகடையாகச் சுற்றியது. பங்குனிக் கடைசியில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிற கூட்டம் என்று அதில் அச்சடித்திருந்தது.

பக்கத்தில் கடலைமிட்டாய்க் கடை வைத்திருக்கும் செண்பகராஜ் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். இருபத்திரண்டு வருசமாகப் பதினொரு மணி டீயை இருவரும் ஒரே தூக்குவாளியில் வாங்கிக் குடிக்கிறார்கள்.

"பாய், நம்ம ரெண்டு கடைக்கும் முன்னாலயே வருது. கூட்டத்துல நீருதான் பேசணும். எல்லாரும் ஒம்மத்தான் சொல்லுதாங்க."

அல்லாபிச்சை படத்தைக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார். நீரூற்று அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "தண்ணி பீச்சுறது இன்னும் ரெண்டடி ஒசரமா இருக்கணும்வே. பஸ்ஸுல உக்காந்து இருக்கவனுக்கும் தெரியணும்" என்று அப்போதே முதல் திருத்தத்தைச் சொன்னார்.

அதற்கு அடுத்த வாரம்தான் மூட்டு பிடித்தது. தார்ப்பாய்க் கட்டைத் தூக்கும்போது வலது முழங்காலில் சுளீரென்று ஒரு வலி. வீங்கிப்போனது. ஆறு வாரத்துக்கு மொபெட்டைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தஸ்லிமா சாவியை எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள்.

வீக்கம் கொஞ்சம் வடிந்ததும், ஒருநாள் மதியம் மூன்று மணிக்கு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, காலை இழுத்து இழுத்து அல்லாபிச்சை தண்ணித்தொட்டி ஸ்டாப்புக்கு வந்தார். ஸ்டாப் என்பது பேச்சுக்குத்தான். பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்த இடம். தொட்டியை இடித்தாயிற்று. போர்டு கிடையாது, கூரை கிடையாது, மரம் என்று சொல்ல ஒரு கருவேலங்குச்சி கிடையாது. ஒரு கரண்டு கம்பம் மட்டும் நின்றது. அந்தக் கம்பத்தில் ஆரம்பித்து ஒரு கோடு போட்டதுபோலப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஒருவர் பின்னால் ஒருவராக நின்றிருந்தார்கள்.

பஸ்ஸே வரவில்லை, அதற்குள் எதற்கு வரிசை? அவருக்கு விளங்கவில்லை. பக்கத்தில் போன பிறகுதான் தெரிந்தது. அவர்கள் கம்பத்தின் நிழலுக்குள் நின்றிருந்தார்கள். ஒரு சாண் அகல நிழல். அதற்குள் முகத்தையும் மார்பையும் அடக்கிக்கொண்டு ஒட்டி நின்றார்கள். வெயில் நகர நகர, யாரும் சொல்லாமலேயே மொத்த வரிசையும் அரை அடி தள்ளி நின்றுகொண்டது.

எல்லோரும் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவர்கள். இந்தப் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். முதல் ஷிப்டு இரண்டரைக்கு முடிந்திருந்தது.

வரிசையின் நடுவிலிருந்து ஒரு பெண் அவரைப் பார்த்துக் கையசைத்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. விரல் நுனியெல்லாம் மருந்துக் கறை.

"தார்ப்பாய்க்கடை பாய்தான நீங்க? என்ன வெயில்ல நிக்கீங்க? இங்கன வாங்க, ஒரு ஆளுக்கு எடம் இருக்கு."

அல்லாபிச்சை கூச்சத்தோடு வரிசையின் கடைசிக்குப் போனார்.

"அங்கன போகாதீங்க அண்ணாச்சி. கடைசில நின்னா கால் மட்டுந்தான் குளிரும். தலைக்கு நெழலு வேணும்னா கம்பத்துக்கிட்ட வரணும்" என்றாள் அவள். பெண்கள் சிரித்தார்கள். "ஏட்டி ரூபி, பாய்க்குக் கால் சரியில்ல பாரு. ஒனக்குப் பின்னால நிக்கட்டும்."

கம்பத்தை ஒட்டி முதலில் நின்ற ரூபி நிறைமாதக்காரி. அதனால் அவளுக்கு முதலிடம். இரண்டாவது இடம் அல்லாபிச்சைக்குக் கிடைத்தது. கூப்பிட்டு நிறுத்தியவள் பெயர் ஸ்டெல்லாமேரி.

"எப்ப வரும்?" என்று கேட்டார் அல்லாபிச்சை. வாழ்க்கையில் முதல்முறையாக பஸ் நேரத்தை அவர் இன்னொருவரிடம் கேட்டார்.

"மினி பஸ்ஸு அஞ்சே முக்காலுக்கு. மூணே முக்காலுக்கு விளாத்திகுளம் வண்டி பாலத்து மேல போவும். இங்கன எறங்காது. மனசுள்ள டிரைவரா இருந்தா பாலத்து முனையில நிறுத்துவாரு, ஓடிப் போய் ஏறணும். இல்லேன்னா நடைதான், மூணு கிலோமீட்டர்."

அன்றைக்கு டிரைவருக்கு மனசு இல்லை. பெண்கள் நடந்தார்கள். ரூபியை மட்டும் ஒரு ஸ்கூட்டர்காரர் ஏற்றிக்கொண்டு போனார். அல்லாபிச்சை ஆட்டோவுக்குப் போன் போட்டுவிட்டுக் கம்பத்து நிழலில் ஒற்றை ஆளாக நின்றார். விளாத்திகுளம் பஸ் பாலத்தின் மேல் போன சத்தம் இன்னும் காதிலேயே இருந்தது. பின்படித் தகரத்தின் தட்டல் கேட்கவில்லை. நின்றால்தானே தட்டும்?

அந்த பஸ் எங்கே போய் நிற்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். மெயின் ரோட்டில், அவர் கடைக்கு நேர் எதிரே. அதற்குப் பின்னால் வருகிற நாகலாபுரம் வண்டியும் அப்படித்தான். மதியத்துக்கு மேல் அவருக்கு நடக்கிற வியாபாரத்தில் பாதி அந்த இரண்டு பஸ்ஸில் வந்து இறங்குவது.

மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். ஒருநாள் பஸ் நிற்கும், ஒருநாள் நிற்காது. இரண்டு வாரத்தில் வரிசையில் அவருக்கென்று ஒரு இடம் நிலைத்துவிட்டது. பேச்சும் வளர்ந்தது. மெயின் ரோட்டில் நீரூற்று வரப்போகிறது என்று பெருமையாகச் சொன்னார்.

"வரட்டும் பாய். பிள்ளைகளக் கூட்டிட்டுப் போய்ப் பாக்கலாம்" என்றாள் ஸ்டெல்லாமேரி. அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது.

"கூட்டம் போடுதாங்க. நீங்களும் வந்து ஒங்க கஷ்டத்தச் சொல்லலாமே."

"எப்ப?"

"செவ்வாக்கெழம. காலைல பதினோரு மணி."

அவள் சிரித்தாள். "பதினோரு மணிக்கு நான் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவுல கெடப்பேன். லீவு போட்டா அன்னிக்குக் கூலி போச்சு. நீங்க போய்ப் பேசுங்க பாய், ஒங்களுக்கு நல்லாப் பேச வரும்."

எனக்காகப் பேசுங்கள் என்று அவள் சொல்லவில்லை. அல்லாபிச்சைக்கு அது உறைத்துக்கொண்டே இருந்தது. வீட்டில் சோற்றைப் பிசைந்தபடி பாத்திமுத்துவிடம் விசயத்தைச் சொன்னார். விளாத்திகுளம் வண்டியும் நாகலாபுரம் வண்டியும் பாலத்தில் ஏறாமல் தண்ணித்தொட்டி வழியாகச் சுற்றிப் போனால் இந்தப் பெண்களுக்கு வழி பிறக்கும். ஆனால் அந்த வழியாகப் போகிற வண்டி நேரே பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போகும். மெயின் ரோட்டைத் தொடாது.

"அப்ப நம்ம கடை?" என்றார் பாத்திமுத்து.

"அதான் யோசிக்கேன்."

"வத்தல் சீசன் முடியப் போவுது. இனி அடுத்த தைக்குத்தான் கூட்டம் வரும். அதுக்குள்ள கடையத் தேடி வர ஆளுக்கு வழி பழகிரும்" என்று சொல்லி, ரசத்தை ஊற்றினார். "ஆனா ஒண்ணு. பேசுறதா இருந்தா ரெண்டோட நிறுத்துங்க. அவிய சோறு திங்கப் போவணும்."

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் சம்பந்தப்பட்ட அதிகாரிகள் எல்லோரும் இருந்தார்கள். சின்ன வயது இன்ஜினியர் பெண் ஒருத்தி திரையில் படம் போட்டு விளக்கினாள். நீரூற்றுப் படம் வந்தபோது கைதட்டல் எழுந்தது. அல்லாபிச்சையும் தட்டினார். நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்தார். எல்லாம் தெரிந்த முகங்கள். ஜவுளிக்கடை, செருப்புக்கடை, மருந்துக்கடை, லாட்ஜ் முதலாளி. செண்பகராஜ் அவர் தொடையில் தட்டி, "எந்திரியும்" என்றார்.

அவர் எழுந்தார். தோள் துண்டைச் சரிசெய்தார்.

"ரெண்டே ரெண்டு விசயம்" என்றதும் மண்டபம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"மொத விசயம். மெயின் ரோட்டுல எனக்குக் கடை இருக்கு. கடை வாசல்ல நெழலு வருது, தண்ணி பீச்சுது, நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க ஸ்டாப்புல ஏற்கெனவே நெழலு இருக்கும்மா. எங்க கடைக் கூரையே போதும். பாலத்துக்கு அந்தாண்ட தண்ணித்தொட்டி ஸ்டாப்புல பன்னெண்டு பொம்பளைக ஒரு கரண்டு கம்பத்து நெழல்ல நிக்காவ. நானும் அங்கன ரெண்டு வாரமா நிக்கேன். கடைசி ஆளுக்கு நெழலு முட்டோட சரி. இருக்கிற துட்ட வச்சு மொதல்ல அங்கனயும் அது மாதிரி ஸ்டாப்புலயுமா நாலு தகரக் கொட்டகை போடுங்க. நீரூத்து பொறவு வரட்டும். மூணே முக்கால் விளாத்திகுளம் வண்டியும் நாலே கால் நாகலாபுரம் வண்டியும் அந்த வழியா வரட்டும்."

செண்பகராஜ் அவர் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தார்.

"பாய், அந்த ரெண்டு வண்டியும் போனா நம்ம கடைக்கு எவன் வருவான்?" என்று பின்னாலிருந்து செருப்புக்கடைக்காரர் கத்தினார்.

"எனக்கும் அந்த வண்டிதாம்வே சோறு போடுது. தெரியாமலா பேசுதேன்?" அல்லாபிச்சை மேடையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "ரெண்டாவது விசயம். இங்கன பஸ்ஸுல வந்தவங்க எத்தன பேரு? கையத் தூக்குங்க."

ஒரு கைதான் உயர்ந்தது. அது அவருடையது.

"செவ்வாக்கெழம பதினோரு மணிக்குக் கூட்டம் போட்டா கடைக்காரன்தான் வருவான். வேலைக்குப் போறவிய எப்பிடி வருவாவ? அடுத்த கூட்டத்த ஞாயித்துக்கெழம சாயங்காலம் போடுங்க. அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு நிஜமாகவே இரண்டோடு நின்றது. இன்ஜினியர் பெண் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் செண்பகராஜ், "சொந்தக் கடையில நீரே மண்ணள்ளிப் போட்டுட்டீரு. போட்டதுதான் போட்டீரு, என் கடையிலயும் சேத்துல்லா போட்டீரு" என்றார். திரும்பிப் பார்க்காமல் போனார். மறுநாள் பதினொரு மணிக்கு டீக்கடைக்காரர் செண்பகராஜுக்குத் தனியாக ஒரு தம்ளர் கொண்டுவந்தார். தூக்குவாளி வரவில்லை. அல்லாபிச்சை அன்றைக்கு டீயே குடிக்கவில்லை. இருபத்தாறு வருசத்தில் யாரோடும் முகம் திருப்பிக்கொள்ளாதவர். மூன்று நாள் கடையில் பஸ் சத்தம் கேட்டும் ஒன்றும் சொல்லாமல் இருந்தார்.

ஆடிக்காற்று வீசுவதற்கு முன்பே கொட்டகைகள் வந்துவிட்டன. கேட்டது நாலு, வந்தது மூன்று. தண்ணித்தொட்டிக்கு ஒன்று கிடைத்தது. பச்சைத் தகரக் கூரை, சிமெண்டுத் திண்டு, பெயர்ப்பலகை. இரண்டு பஸ்ஸில் விளாத்திகுளம் வண்டி மட்டும் அந்த வழியாகத் திரும்பியது. மெயின் ரோட்டிலும் ஒரு சின்ன நீரூற்று வைத்தார்கள். அல்லாபிச்சை முதல் நாளே போய்ப் பார்த்துவிட்டு, "ஒசரம் பத்தாது" என்று சொல்லிவிட்டு வந்தார். அதற்குப் பிறகும் தினமும் ஒருமுறை போய்ப் பார்க்கிறார்.

மதிய வியாபாரம் குறைந்துதான் போனது. அதை அவர் மறைப்பதில்லை. "கொறஞ்சு போச்சு. என்ன செய்ய? மஞ்சத் தார்ப்பாய் வேணும்னா தேடித்தான வரணும்" என்கிறார். சிலர் தேடி வந்தார்கள். சிலர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கிற கடையில் நீலத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களை நினைத்துத்தான் அவருக்கு வருத்தம். அவர்களுடைய வத்தலின் நிறம் என்ன ஆகுமோ!

செண்பகராஜுக்கு வியாபார மூளை. கொட்டகை வந்த பத்தாம் நாள் தண்ணித்தொட்டி ஸ்டாப்பில் ஒரு தள்ளுவண்டியை நிறுத்திக் கடலைமிட்டாய் விற்க ஆள் போட்டுவிட்டார். ஷிப்டு முடிந்து வருகிற பெண்கள் பிள்ளைகளுக்கென்று வாங்கிப் போனார்கள். யாராவது கேட்டால், "அந்த ஸ்டாப்பு நானும் பாயும் பேசி வாங்குனது" என்று சொல்கிறாராம். ஒருநாள் காலையில் தூக்குவாளியோடு சுவரைச் சுற்றி வந்து, ஒன்றும் நடக்காதது மாதிரி இரண்டு தம்ளரில் டீயை ஊற்றினார். அல்லாபிச்சை எடுத்துக் குடித்துவிட்டு, "சீனி கம்மி" என்றார்.

மூட்டு சரியாகிவிட்டது. தஸ்லிமா மொபெட் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆனாலும் மதியச் சோற்றுக்குப் பிறகு அவர் பஸ்ஸில் ஏறி, பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்துதான் கடைக்கு வருகிறார். பெட்ரோல் மிச்சம் என்கிறார். வரிசையில் கேட்ட கதை பாதியில் நிற்கிறது, அது என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டாமா என்று பாத்திமுத்து கேலி செய்கிறார். ரூபிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஸ்டெல்லாமேரியின் மகன் டிப்ளமோ முடித்துவிட்டான். இந்தச் செய்திகளெல்லாம் கடைக்கு வருகிற சம்சாரிகளுக்கும் இப்போது தெரியும்.

ஐப்பசியில் அடுத்த கூட்டம் போட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு. அதே மண்டபம். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. வாசலில் கழற்றிப்போட்ட செருப்புகளில் கரிசல் மண் அப்பி, ஒவ்வொன்றும் இரண்டு செருப்பு கனத்துக்குக் கிடந்தது. பின்வரிசைகள் முழுக்கத் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள். ரூபி மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

கருத்துச் சொல்கிறவர்கள் சொல்லலாம் என்றதும் எல்லோரும் அல்லாபிச்சையைத்தான் பார்த்தார்கள். மைக்கை அவர் கையில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் எழுந்தார். துண்டைச் சரிசெய்தார். செண்பகராஜ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

கடைசி வரிசையில் ஸ்டெல்லாமேரி எழுந்தும் எழாமலும் இருந்தாள். கையில் நாலாக மடித்த ஒரு தாள். காலை ஷிப்டு பஸ்ஸைப் பற்றி என்னவோ எழுதி வைத்திருந்தாள். அல்லாபிச்சை மைக்கைப் பின்வரிசைக்குக் கொடுத்தனுப்பினார். கைமாறிக் கைமாறிப் போன மைக் பாதி வழியில் நின்றுவிட்டது. வயர் நாற்காலிக் கால்களில் சிக்கியிருந்தது.

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்தார். ஒவ்வொரு நாற்காலியாக நகர்த்தச் சொல்லி வயரை விடுவித்தார். மைக் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தது. மறுபடி சிக்காதபடி வயரை எல்லோர் தலைக்கும் மேலே இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஸ்டெல்லாமேரி தாளை விரித்துப் படித்து முடிக்கும்வரை அப்படியே நின்றார்.